இரண்டாவது சாட்சி

வருடத்தில் ஒருமுறை அந்தக் கதையை வாசிக்கிறார்கள்
பாலிக் புலாவ் கோயிலில்.
காற்றாடி எட்டாத தூணோரம்தான் எப்போதும் எனக்கு இடம்.

அரசனுக்குத் தோட்டத்தின்மேல் ஆசை.
தோட்டக்காரன் தரமாட்டேன் என்கிறான்.
அரசி கடிதம் எழுதி முத்திரை குத்துகிறாள்.
பொய் சொல்ல இரண்டு பேரை உட்கார வைக்கிறார்கள்.
கல்லடி.
பிறகு தீர்க்கதரிசி, தீர்ப்பு, நாய்கள்.

அரசனுக்கு என்ன ஆனதென்று ஃபாதர் சொன்னார்,
அரசிக்கு என்ன ஆனதென்றும்.
அந்த இரண்டு பேர்?
ஒரு வரி இல்லை.
கூலி எவ்வளவு என்றுகூட இல்லை.

எட்டாயிரம் ரிங்கிட்.

இங்கே திராட்சை இல்லை, சாதிக்காய்.
கடலைப் பார்த்த சரிவில் மூன்றரை ஏக்கர்.
மாதம் பிறந்து ஐந்தாம் நாள்
இஞ்ஞாசி வருவார்,
மண் போகாத விரலால் எச்சில் தொட்டு எண்ணி
குத்தகைக் காசை மேசையில் வைப்பார்.
கார்பன் தாள் செருகி நான் ரசீது போடுவேன்.
பிலவேந்திரன்:
பி-யின் கொம்பை வலப்பக்கம் நீட்டி
கடைசி எழுத்தின் கீழே இரண்டு புள்ளி.
இருபத்திரண்டு வருடம்.

முதலில் செபமாலை கூண்டேறினான்.
காசு கைமாறியதைப் பார்த்ததே இல்லை என்றான்.
அடுத்து நான்.
இஞ்ஞாசியின் லோயர் மேல் ரசீதை நீட்டிக் கேட்டார்,
இது உங்கள் கையெழுத்தா?

இல்லை.

இருநூற்று அறுபத்து நான்கு ரசீதுகள்.
ஒரே ஓர் இல்லை போதுமானதாக இருந்தது.

இஞ்ஞாசி என்னைத் திட்டியிருக்கலாம்.
சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு
கட்டிலிருந்து ஒரு ரசீதை உருவி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்,
தனக்கே சந்தேகம் வந்ததுபோல.

கல்லை யாரும் தொடவில்லை.
பாயா தெருபோங்கில் பதினோராம் மாடி,
லிஃப்ட் பழுது.
எட்டாம் மாடிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தவர்
பிறகு எழுந்திருக்கவில்லை.
அடக்கத்துக்குப் போனேன்.
போகாவிட்டால் கேட்பார்களே.

அதன்பின் காத்திருந்தேன்.
இடிக்கு, புற்றுநோய்க்கு,
ராத்திரி கதவு தட்டலுக்கு.
எதுவும் வரவில்லை.
மோட்டார் சைக்கிள் கடன் முடிந்தது.
மகளுக்கு வேலை கிடைத்தது.
கடவுள் மறந்துவிட்டார் என்று
ஒரு தவக்காலம் முழுக்க நிம்மதியாகத் தூங்கினேன்.

போன புதன்கிழமை பேங்கில்
கவுண்டர் பெண் காசோலையைத் திருப்பித் தந்தாள்.
பொருந்தல அங்கிள், இன்னொரு தடவை போடுங்க.
போட்டேன்.
இன்னொரு தடவை.
கொம்பு நீளவில்லை. புள்ளி எங்கோ விழுந்தது.
நான்காம் முறை அது யாரோ ஒருவன்.

கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள்.
அங்கே நின்றிருந்தான்
ரசீதுப் புத்தகத்துப் பழைய ஆள்,
கொம்பு நீட்டி, நிமிர்ந்து.
இது உங்க கையெழுத்தா அங்கிள்?

ஆமாம் என்றேன்.
அவள் நம்பவில்லை.

வானம் இடிந்து விழும் என்று எண்ணியிருந்தேன்.
என் வாயிலிருந்து விழுந்த சொல்லை
அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்.
இல்லை என்றாயா,
சரி,
இல்லை.

வெளியே லக்சா கடைக்குப் பின்னால்
மொண்டிக்கால் நாய் ஒன்று.
யாருக்கும் வேண்டாத சொறி நாய்.
நின்றிருந்த என் வலது கையை நக்கத் தொடங்கியது.
சூடான நாக்கு.
பேனா மை ஒட்டிய விரலிடுக்குவரை
பொறுமையாக, அவசரமே இல்லாமல்.

அடிக்கட்டைப் புத்தகங்கள் ஆறும் கட்டிலடியில் இருக்கின்றன.
செல்லரிக்கவில்லை.
கார்பன் நீலம் மங்கவில்லை.
இஞ்ஞாசியின் மனைவி இன்னும் அந்தப் பதினோராம் மாடியில்தான்.

கையை இழுத்துக்கொள்ளவில்லை நான்.
எவ்வளவு நேரம் நக்கும் என்று
பார்த்துக்கொண்டு நின்றேன்.